கிணற்றடிச் செல்லும் அம்பாளின் சேலையும்

நெடுந்தீவில் சறோ அக்காவின் வீட்டுக்கு வழி கேட்டால் ஒருவரும் வீட்டைச் சொல்லமாட்டார்கள். "நல்லதண்ணிக் கிணத்தடிக்குப் போங்கோ, அங்கை வாளியோடை நிக்கிற மனிசிதான்" என்பார்கள். சறோஜினிதேவி என்ற முழுப்பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது.

அந்தக் கிணறு அவருக்குச் சீதனமாக வந்தது. மற்றப் பெண்பிள்ளைகளுக்குக் கிணற்றில் பங்குதான் எழுதுவார்கள். அவருடைய ஐயா முழுக் கிணற்றையும் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது இரண்டு சொல் சொன்னார். கேட்டு வந்தவருக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லக்கூடாது. கிணற்றுக்கு ஒருநாளும் மோட்டர் பூட்டக்கூடாது.

மோட்டர் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. நெடுந்தீவின் நிலத்துக்கடியில் உப்புத் தண்ணீர் கிடக்கிறது. அதற்கு மேலே, பாலில் ஆடை படர்ந்தமாதிரி, நல்ல தண்ணீர் மெல்லிசாகப் படர்ந்திருக்கிறது. வாளியால் ஆறுதலாக அள்ளினால் கடவுள் அள்ளித் தருவார். அவசரப்பட்டு உறிஞ்சினாலும், அடியிலுள்ள முருகைக்கல் பாறை பிளந்தாலும், உப்பு மேலே வந்துவிடும். வந்த உப்பு திரும்பிப் போகாது. அப்படிக் கெட்டுப்போய் ஆடு மாடுகூட வாய் வைக்காத கிணறுகள் ஊரில் கனக்க உண்டு.

சறோ அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இடப்பெயர்வு, பங்கர், அகதி முகாம் என்று அவருடைய குமர்க்காலம் போனது. புருசன் அப்புத்துரை, தீவாரில் பலரைப்போல, இளமையில் மாத்தறையில் கடையில் நின்றவர். கடையும் போய், காலமும் போய், கடைசியில் இருவரும் ஊருக்கே திரும்பிவந்து பற்றை வெட்டிக் குடியேறினார்கள். ஒரே மகள் கஜானி வவுனியாவில் கலியாணம் செய்து இருக்கிறாள். கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்து, "அம்மா, காணும் அந்தத் தீவு. இங்கை வந்து எங்களோடை இருங்கோ" என்பாள்.

"கிணறு இருக்குமட்டும் நாங்கள் வரமாட்டம் பிள்ளை" என்பார் சறோ அக்கா. வேறு மறுமொழி அவரிடம் இருந்ததில்லை.

அப்படியிருக்க, ஒரு வைகாசி மாதம், மாடுகள் தண்ணீர் குடிக்கக் கிணற்றடியில் ஒரு தொட்டி கட்டுவோமென்று அப்புத்துரை அலவாங்கால் நிலத்தைக் குத்தினார். மூன்றாம் குத்தோ நான்காம் குத்தோ, பலகையில் பட்டதுபோல் மொத்தென்று கேட்டது. குனிந்து மண்ணைத் தட்டிப் பார்த்தார். பச்சை நிறத்தில் உக்கிய பெட்டி. இடுக்குக்குள்ளே சண்டைக்காலத்துப் பீரங்கிக் குண்டுகள், துருப்பிடித்த செல்லுகள், கருவாட்டை அடுக்கினமாதிரி வரிசையாகக் கிடந்தன.

அலவாங்கை மெதுவாக, குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்திவிட்டு, அவர் பின்பக்கமாகவே நடந்து குசினி வாசலுக்கு வந்தார்.

"இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி போடும்."

"இப்பதானே குடிச்சனீங்கள்?"

"அது உயிரோடை இருக்கேக்கை குடிச்சது. இது பிழைச்சு வந்ததுக்கு."

ஊர் விதானையாருக்குச் சொல்லி, அவர் பொலிசுக்குச் சொல்லி, குறிகட்டுவான் துறையிலிருந்து வெடிபொருள் அகற்றும் பிள்ளைகள் வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக வந்தவன் ஜெனிஸ்ரன். கிளிநொச்சிப் பொடியன். முப்பது வயதுக்கு இரண்டொன்று கூட இருக்கும். அப்புத்துரை தோண்டிய கிடங்கைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, கண்ணாடி முகமூடியும் கனத்த அங்கியும் போட்டுக்கொண்டு நெடுநேரம் குந்தியிருந்து பார்த்தான். பிறகு வந்து கதிரையில் இருந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு வெறும் செம்பைப் பார்த்தான்.

"அம்மா, இந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு உங்களுக்கு இதைச் சொல்ல மனம் வருகுதில்லை. பெட்டி ஒண்டில்லை, கன பெட்டி இருக்கு. இருக்கிற இடத்திலையே வைச்சு உடைக்கச் சொல்லித்தான் மேலையிருந்து சொல்லுவினம்."

"உடைச்சால் கிணறு?"

ஜெனிஸ்ரன் செம்பைக் கீழே வைத்தான். அப்புத்துரை வானத்தைப் பார்த்தார். முருகைக்கல் நிலத்தில் அத்தனை செல்லை ஒன்றாக வெடிக்கவைத்தால் கிணறு என்னவாகும் என்று ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"வேறை வழி இல்லையோ தம்பி?"

"ஒரு வழி இருக்கு. பெட்டி பெட்டியாய் ஏத்தித் தெற்கு வெளிக்குக் கொண்டுபோய், சனமில்லாத இடத்தில அழிக்கலாம். ஆனால் போற வழியில ஒண்டு தற்செயலாய் வெடிச்சால், அதின்ரை சிதறல் பட்டு மற்றதெல்லாம் சேர்ந்து வெடிக்குமோ எண்டதுதான் கேள்வி. வெடிக்குமெண்டால் அசைக்க விடமாட்டினம். அதைச் சோதிச்சுப் பாக்கலாம். ஒரு செல்லை மட்டும் நாங்கள் கையில கொண்டுபோய் வெளியில ஒரு கிடங்கு வெட்டி அதுக்குள்ளை வைச்சு, ஒரு இரும்புத் துண்டைச் சிதறல் வாற வேகத்திலை அதுக்கு அடிப்பம்."

"அடிச்சால் அது கோவிக்காதோ?"

"கோவிக்குதோ எண்டு பாக்கத்தானே அம்மா அடிக்கிறம்."

"என்னையெண்டால் சோதிக்கத் தேவையில்லை தம்பி" என்றார் அப்புத்துரை. "கலியாணம் கட்டின நாளிலையிருந்து இவவின்ரை சிதறல் பட்டும் வெடிக்காமல் இருக்கிறன்."

அன்றைக்குச் சிரித்தார்கள். ஆனால் சறோ அக்கா அன்று சாமியறையில் வழமையைவிட நெடுநேரம் நின்றார். 'நயினாதீவு அம்பாளே, எனக்கு மாளிகை வேண்டாம். இந்தக் கிணற்றைமட்டும் விட்டுத்தா' என்பதுதான் அவருடைய தேவாரமும் திருவாசகமும்.

மேலிடத்தில் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்த கையோடு சோழகக் காற்று எழும்பியது. கடல் கொந்தளித்து வள்ளம் ஓடவில்லை. சோதனைக் கிடங்கைச் சுற்றி அடுக்க மண்மூட்டை வேண்டும். சிதறல் பறந்து மேய்கிற மாட்டிலோ தீவின் காட்டுக் குதிரையிலோ படக்கூடாது. அவர்கள் கொண்டுவந்த பைகள் வெயிலில் உக்கியவை. மண்ணைப் போட்டுத் தூக்கினால் அடி பிரிந்து கொட்டுண்டன. சோழகம் விடுமட்டும் காத்திருந்தால் அனுமதி முடிந்துவிடும். முடிந்தால் பழைய கட்டளைதான்: இருக்கிற இடத்திலேயே உடை.

ஜெனிஸ்ரன் கிழிந்த பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ட சறோ அக்கா உள்ளே போய், பழைய சேலைகளை அள்ளிக்கொண்டு வந்தார். சண்டைக்காலத்தில் உரப்பை கிடைக்காதபோது யாழ்ப்பாணத்துப் பெண்கள் சேலையை வெட்டி மூட்டை தைத்துத்தான் பங்கர் கட்டினார்கள். சறோ அக்காவும் அப்போது தைத்தவர். வெட்டி, மடித்து, இரட்டைத் தையல் போட்டால் மண் கசியாது.

ஜெனிஸ்ரனின் முகம் மலர்ந்தது. "நானும் சேலை மூட்டை பங்கருக்குள்ளைதான் வளர்ந்தனான் அம்மா. என்ரை அம்மம்மாவின்ரை பச்சைச் சேலைதான் எனக்குத் தலைமாடு."

செய்தி பரவ, அயல் முழுக்கச் சேலை வந்தது. முதலில் வந்தவர் பிலோமினம்மா. கடற்கரையில் இருக்கிறார். புருசன் மீன்பிடிக்கிறவர். அந்தோனியாரைக் கும்பிடுகிற வேதக்காரர். தினமும் குடத்தோடு கிணற்றடிக்கு வந்து, தண்ணீர் அள்ளுகிற நேரத்தைவிட நான்கு மடங்கு நேரம் கதைத்துவிட்டுப் போவார். எந்தக் கதையிலும் பாதியைக் கேட்டு, மீதியைத் தானே கட்டிக்கொள்வார்.

"சறோ, இந்தா என்ரை பூப்போட்டது. மூத்தவன் கோயிலிலை முதல்நன்மை எடுக்கேக்கை உடுத்தது. இது செல்லைக் கண்டால் செல்லே வெக்கப்பட்டு வெடிக்காது."

"உன்ரை மனிசன் கண்டு வெக்கப்பட்ட சேலையோ?"

"அவர் கண்டவர்தான். அதுக்குப் பிறகுதானே மற்றப் பிள்ளையள்."

பெண்கள் சிரித்துக்கொண்டு தைத்தார்கள். ஆண்கள் கடற்கரையில் மண் நிரப்பினார்கள். எல்லாம் அடுக்கிப் பார்த்தபோது, செல்லுக்கு நேர் முன்னால் வைக்கிற மூட்டைக்குத் துணி இல்லை. கையிலிருந்த சேலைகள் முடிந்துவிட்டன. மற்ற வீடுகளில் இருந்தவை உடுக்கிறவை.

சறோ அக்காவின் அலுமாரியில் ஒரு சேலை இருந்தது. அரக்கு நிறம், மஞ்சள் கரை. கஜானி வாங்கி அனுப்பியது. ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு போய் அம்பாளுக்குச் சாத்துவதென்று நேர்ந்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். அதை எடுத்து மடியில் விரித்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார்.

"இஞ்சாரும், அது அம்பாளின்ரை சேலையெல்லே?" என்றார் அப்புத்துரை.

"ஓம். அம்பாளுக்குத் தெரியும்."

சொன்னாரே தவிர, வெட்ட முதல் சாமியறைப் பக்கம் திரும்பி ஒருதரம் கும்பிட்டார். தெய்வத்துக்கு நேர்ந்ததில் கை வைத்தவர் யாரும் நன்றாயிருந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் காலை ஊரையெல்லாம் பள்ளிக்கூட வளவில் கூட்டி, ஜெனிஸ்ரன் விளங்கப்படுத்தினான்.

"வடிவாய்க் கேளுங்கோ. முதல் ஒரு சத்தம் கேக்கும். அது எங்கடை. பயப்பிடாதேங்கோ. பேந்து அரை மணித்தியாலம் ஒருத்தரும் அசையக்கூடாது. அந்த நேரத்துக்குள்ளை இன்னொரு சத்தம் கேட்டால் அது செல்லின்ரை. சில செல் அடிபட்டவுடனை வெடிக்காது. சூடேறிப் புகைஞ்சு, ஆறுதலாய் வெடிக்கும். அப்பிடி வெடிச்சால்..." சறோ அக்காவைப் பார்த்துவிட்டு மீதியை அவன் விழுங்கினான். "இரண்டாவது சத்தம் கேக்கக்கூடாது எண்டு கும்பிடுங்கோ."

அவன் போய்விட்டான். மாடுகளைச் சாய்த்து வடக்கே கொண்டுவந்தார்கள். சனம் பூவரச மர நிழலில் இருந்தது. சறோ அக்கா கண்ணை மூடி, விரல்களை மடித்து மடித்து அம்பாளின் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாமத்துக்கு இடையிலும் அரக்குச் சேலை வந்து நின்றது.

தெற்கே 'டும்' என்று ஒரு சத்தம். காகங்கள் எழும்பின. பூவரசிலிருந்து ஒரு பழுத்த இலை விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. காற்று மட்டும்.

அப்புத்துரை மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பப் பார்த்தார். "சரிவரும்போலை கிடக்கு" என்று மெல்லச் சொன்னார்.

சொல்லி வாய் மூடவில்லை. 'டமார்' என்று இரண்டாவது சத்தம்.

வளவு முழுதும் ஒரு மூச்சு விட்டதுபோல இருந்தது. யாரோ "ஐயோ முருகா" என்றார்கள். அப்புத்துரை மெதுவாக மர வேரில் இருந்தார். மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "சரி. பிள்ளைக்குப் போன் எடுப்பம். வாறம் எண்டு சொல்லுவம்" என்றார்.

சறோ அக்கா அழவில்லை. வாளிக் கயிற்றை யார் அவிழ்ப்பது என்று நினைத்தார். கிணற்றுக்கட்டில் தினமும் வந்து இருக்கிற மைனாவை நினைத்தார். பிறகு, 'அவவின்ரை சேலையை வெட்டினேனே, அதுதான்' என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்தபிறகு வேறொரு நினைப்பும் வரவில்லை.

அப்போது கடற்கரை ஒழுங்கையால் பிலோமினம்மா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் நெருப்புப்பெட்டி. தலைமயிரில் சிவப்புக் கடதாசித் துண்டுகள்.

"என்ன, எல்லாரும் செத்தவீட்டிலை நிக்கிறமாதிரி நிக்கிறியள்? சரிவந்திட்டுதெல்லே?"

"என்னடி சரிவந்தது? இரண்டாவது சத்தம் உனக்குக் கேக்கேல்லையோ?" என்றார் அப்புத்துரை.

"எந்த இரண்டாவது? ஒரு சத்தம் கேட்டுது. பிறகு நான் கொளுத்தினது."

"நீ என்னத்தைக் கொளுத்தினனி?"

"வெடிதான்! கிணறு தப்பினால் அந்தோனியாருக்கு ஒரு பெரிய வெடி கொளுத்துறன் எண்டு நேர்ந்தனான். சத்தம் கேட்டுது, முடிஞ்சுது எண்டு போட்டுக் கடற்கரையிலை அந்தோனியார் நிக்கிற சுருவத்தடியிலை கொளுத்திப்போட்டு வாறன். நல்ல சத்தம், என்ன?"

காலையில் ஜெனிஸ்ரன் விளங்கப்படுத்தியபோது பிலோமினம்மா வளவின் கடைசியில் நின்று, தன் ஆட்டைக் கட்டுவது யார் என்று மகனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர். வழமைபோலப் பாதியைக் கேட்டிருக்கிறார்.

சனத்தின் கண் நெருப்புப்பெட்டிக்குப் போனது. பிறகு அப்புத்துரை எழும்பினார். "எடி பிலோமினா! ஒரு கிணத்தையும், ஒரு குடும்பத்தையும், என்ரை இருதயத்தையும் ஒரு வெடியிலை கொளுத்தினியேயடி!"

"நேர்த்தியைப் பிந்தினால்தான் பாவம், முந்தினால் என்ன பாவம்?"

சறோ அக்கா பிலோமினம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை நிறைய வெடிமருந்து மணம். "உண்மையாய் நீதானே கொளுத்தினனி? அந்தோனியார் அறியச் சொல்லு."

"அந்தோனியார் அறியச் சொல்லுறன். அவர் காதைப் பொத்தியிருப்பார், அவ்வளவு சத்தம்."

சிரிப்பு எழும்பி, எழும்பின உடனேயே அடங்கியது. ஏனென்றால் இன்னும் ஒன்றும் தெரியாது. முதல் சத்தத்தோடேயே செல்லும் சேர்ந்து வெடித்ததோ என்பது கிடங்கைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தெற்கு வெளியில் பதுங்கியிருந்த பிள்ளைகளுக்கும் அந்த இரண்டாவது சத்தம் கேட்டிருக்கிறது. காற்று எங்கிருந்து கொண்டுவந்தது என்று அவர்களுக்கும் விளங்கவில்லை. பிந்தியே போய்ப் பார்த்தார்கள். அந்த நேரம் முழுவதும் சறோ அக்கா பிலோமினம்மாவின் கையை விடவில்லை. ஒருவர் அம்பாளையும் மற்றவர் அந்தோனியாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெனிஸ்ரன் புழுதி படிந்த அங்கியோடு நடந்து வந்தான். தூரத்திலேயே முகமூடியை மேலே தூக்கிவிட்டான். பல் தெரிந்தது.

"வெடிக்கேல்லை அம்மா! பனங்காய் பிளந்தமாதிரிப் பிளந்து, உள்ளுக்கை இருந்த வெடிமருந்து புகைஞ்சு எரிஞ்சு போச்சு. அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டாவது சத்தம்தான் என்னெண்டு எங்களுக்கு..."

எல்லாரும் பிலோமினம்மாவைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் தலையிலிருந்த கடதாசியைத் தட்டினார்.

கதையைக் கேட்ட ஜெனிஸ்ரன் முதலில் கோபித்தான். "விளையாட்டோ அம்மா இது? நாங்கள் நிலத்தோடை நிலமாய்ப் படுத்துக் கிடந்தம்!" என்றவன், பாதி வார்த்தையில் சிரித்துவிட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தயங்கித் தயங்கிச் சறோ அக்காவிடம் நீட்டினான். அரக்குச் சேலையின் துண்டு. மஞ்சள் கரையில் ஒரு பக்கம் கருகியிருந்தது. "மற்றதெல்லாம் கிடக்கு. இந்த மூட்டைதான் முன்னுக்கு நிண்டு எல்லாத்தையும் வாங்கினது. சாமிச் சேலையெண்டு ஐயா சொன்னவர். குறை நினையாதேங்கோ."

சறோ அக்கா அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அழுகை வந்தது. "ஆனி வருமட்டும் பொறுக்க மாட்டாமல் அவ இங்கை வந்தே உடுத்துப்போட்டா தம்பி" என்றார்.

அடுத்த நாட்களில் செல்லுகள் பெட்டி பெட்டியாக, சேலை மூட்டைகளுக்கு நடுவே தாலாட்டினமாதிரி வைக்கப்பட்டு, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் தெற்கு வெளிக்குப் போயின. ஒவ்வொரு பெட்டி புறப்படும்போதும் சறோ அக்கா படலையடியில் திருநீறு எடுத்து நின்றார். கடைசிச் சத்தம் தெற்கே கேட்டு ஓய்ந்தபிறகு, கிணற்றுக்கு வந்து வாளியை இறக்கினார். ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்புத்துரை பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, பேசுமன்."

"பொறுங்கோ. இன்னொருக்காக் குடிச்சிட்டுச் சொல்லுறன்."

ஆனி பிறந்து நயினாதீவில் கொடியேறியது. சேலை வாங்கக் கஜானி திரும்பக் காசு அனுப்புகிறேன் என்றாள். சறோ அக்கா வேண்டாமென்றார். அம்பாள் ஒருதரம் உடுத்துவிட்டா, இனி அவவுக்கு முழுக்குத்தான் குறை என்றார். ஒரு புதுப் பிளாஸ்ரிக் கானைக் கழுவி, விடியப்புறமே கிணற்றில் தண்ணீர் அள்ளி நிறைத்தார். அபிஷேகத்துக்கு.

வள்ளத்தில் பிலோமினம்மாவும் வந்தார். நயினாதீவில் வளையல்கடை நல்லதென்று சொன்னார்; வந்தது வளையலுக்கு இல்லை.

"சறோ, எனக்கொரு சந்தேகம். கிணறு தப்ப முதலே கொளுத்தின நேர்த்தி கணக்கிலை வருமோ? இல்லாட்டி இன்னொண்டு கொளுத்தவேணுமோ?"

"கொளுத்து. ஆனால் கொளுத்த முதல் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் கொளுத்து."

நயினாதீவுக்கு வள்ளம் மாறுகிற குறிகட்டுவான் நெருங்க நெருங்க அலை வள்ளத்தில் மோதித் தூவானமாக அடித்தது. எல்லாரும் முகத்தை மூடினார்கள். சறோ அக்கா முகத்தை விட்டுவிட்டு, கானின் வாயை இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டார், ஒரு சொட்டு உப்பும் உள்ளே போகாதபடிக்கு.